காரின் எரிபொருள் அமைப்பில் வரும் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ஸ்டார்ட் ஆகாவிட்டாலோ ஓட்டத்தில் திணறினாலோ முதலில் பழி விழுவது பெரும்பாலும் பெட்ரோல் பம்பின் மீதுதான். புதிய பம்பைப் பொருத்திய பிறகும் அதே கோளாறு தொடர்வதும், கடைசியில் களிம்பு பிடித்த ஓர் எர்த் இணைப்பே காரணம் என்று தெரியவருவதும் அடிக்கடி நடக்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அளப்பதற்கு ஒரு மல்டிமீட்டரும், எரிபொருள் அழுத்தமானியும், காரின் கம்ப்யூட்டர் தரும் அளவுகளையும் கோளாறுக் குறியீடுகளையும் காட்டும் சாதாரண ஸ்கேனரும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளுக்குப் போதும்.

எரிபொருள் அமைப்பு எந்தெந்தப் பாகங்களைக் கொண்டது?

இன்றைய பெட்ரோல் கார்களில் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மின்சார பம்ப், அடியில் உள்ள வலைச் சல்லடை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சி, ஃபில்டருக்கும் அங்கிருந்து குழாய் வழியாக இன்ஜின் மீது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் எரிபொருள் தண்டுக்கும் அனுப்புகிறது. அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருப்பது ரெகுலேட்டரின் வேலை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் சொல்லும் கணத்தில், சொல்லும் நேரத்துக்கு மட்டும் திறந்து பெட்ரோலைத் தூவுவது இன்ஜெக்டரின் வேலை. இவற்றோடு, டேங்கில் எழும் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது வெளியில் தெரியாத இடத்தில் இருப்பதால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

வேலையைத் தொடங்கும் முன் என்னென்ன எச்சரிக்கைகள் தேவை?

பெட்ரோலின் ஆவி சுமார் −40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பற்றக்கூடியது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகப் பரவிச் சென்று, சில மீட்டர் தள்ளியிருக்கும் அடுப்பிலோ மின் சுவிட்சின் பொறியிலோ பற்றிக்கொண்டு வேலை செய்பவரை நோக்கித் திரும்பி வரும். ஆகவே இந்த வேலையைத் திறந்த வெளியில், குளிர்ந்த இன்ஜினில்தான் செய்ய வேண்டும். உலர் தூள் அல்லது நுரை வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீரை ஊற்றினால் எரியும் பெட்ரோல் அதன் மேல் மிதந்து மேலும் பரவும்.

எந்தக் குழாயையும் கழற்றுமுன் அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். பம்பின் ஃப்யூஸையோ, அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின் சுவிட்சான ரிலேயையோ எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டால், குழாயில் மிஞ்சியிருப்பது தீர்ந்ததும் அது தானாக நின்றுவிடும். அதன் பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, இணைப்பின் மேல் துணியைச் சுற்றி மெதுவாகத் திறக்கலாம்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் தூவும் பெட்ரோல் இன்ஜின்களும் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசலை அனுப்பும் காமன் ரெயில் டீசல் இன்ஜின்களும் வேறு வகையைச் சேர்ந்தவை. முதல் வகையில் 200 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்), சில மாடல்களில் 350 பார் வரையிலும், இரண்டாவது வகையில் 2,000 பார் அளவுக்கும் அழுத்தம் எழும். இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாய்களின் நட்டைத் தளர்த்தவோ, கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவோ ஒருபோதும் கூடாது. ஊசிமுனை அளவிலான கசிவே தோலைத் துளைத்துத் திசுவுக்குள் புகுந்துவிடும். வெளியில் சிறு புள்ளி போன்ற காயம் மட்டும் தெரிந்தாலும் உள்ளே திசு அழியத் தொடங்கிவிடும் என்பதால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, எரிபொருள் அழுத்தத்தோடு உடலுக்குள் புகுந்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. எரிபொருள்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

இன்ஜின் ஓடுவதற்கு எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். எரிபொருளைக் குற்றம் சொல்லுமுன் மற்ற இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

செல்ஃப் சுழலும்போது ஆர்பிஎம் முள் சிறிதாவது அசைகிறதா என்று முதலில் கவனியுங்கள். முள் அசையாமலே கிடந்தால் இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சமிக்ஞை வரவில்லை என்று சந்தேகிக்கலாம். அந்தச் சமிக்ஞை இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் தீப்பொறியையும் இன்ஜெக்டரையும் சேர்த்தே நிறுத்திவிடும். சில மாடல்களில் இயல்பாகவே முள் அசையாது என்பதால், ஸ்கேனரில் ஆர்பிஎம் அளவைப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. அடுத்து, திருட்டுத் தடுப்பு விளக்கு விடாமல் மின்னுகிறதா என்று பாருங்கள். சாவியை அடையாளம் காணாத கார் வேண்டுமென்றே எரிபொருளைத் தராமல் நிறுத்தியிருக்கலாம். மோதலின்போது பம்பைத் துண்டிக்கும் சுவிட்ச் சில கார்களில் உண்டு. பள்ளத்தில் பலமாக இறங்கிய அதிர்ச்சியிலேயே அது பம்பைத் துண்டித்திருக்கலாம், அதன் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும்.

இவை சரியாக இருந்தால், சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தி, பின் இருக்கைப் பக்கம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலான கார்களில் பம்ப் ஏறக்குறைய 2 விநாடிகள் மெல்ல ரீங்கரித்துவிட்டு நிற்கும். சத்தம் கேட்டால் பம்புக்கு மின்சாரம் போகிறது என்று அறியலாமே தவிர, போதிய அழுத்தம் எழுகிறது என்று அதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கோளாறு தேடுவோர் பலர் வழி தவறுகிறார்கள்.

கடைசியாக, ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை செல்ஃப் அடித்த பிறகும் அது காய்ந்திருந்தால் எரிபொருள் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் மிகுதியாக வந்து தீப்பொறி தோற்றுப்போயிருக்கிறது. அப்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃபைச் சுழற்றினால், பல கார்களில் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவைத்து, தேங்கிய பெட்ரோலைக் காற்று வெளியேற்ற இடம் கொடுக்கும்.

பம்பிலிருந்து சத்தமே வரவில்லை. பம்ப் போய்விட்டது என்று கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் ஃப்யூஸையும் பிறகு ரிலேயையும் பாருங்கள். அதே எண் கொண்ட ஹார்ன் ரிலே பெட்டியில் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்துவதே எளிய சோதனை. புதிய ஃப்யூஸும் உடனே எரிந்தால், வயர் எங்கோ உராய்ந்து காரின் உடலைத் தொடுகிறது அல்லது பம்ப் இறுகிவிட்டது. பெரிய ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டுச் சமாளிப்பது வயருக்குத் தீ வைப்பதாகும்.

அடுத்ததாக, பம்பின் இணைப்பில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அதை எப்படி அளக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இணைப்பைக் கழற்றிவிட்டு அளந்தால், களிம்பு பிடித்துக் கிட்டத்தட்ட அறுந்துபோன வயரும் 12 வோல்ட் காட்டும், ஏனெனில் அந்த நிலையில் வயர் வழியாக மின்னோட்டமே இல்லை. இணைப்பை மாட்டியபடி, பம்ப் சுழல முயலும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். பம்ப் 5 ஆம்பியர் எடுக்கும் வழியில் அரை ஓம் தடை இருந்தாலே 2.5 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து பம்பின் நேர் வயர் வரையிலும், பம்பின் எர்த் வயரிலிருந்து பேட்டரியின் எதிர்முனை வரையிலும் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றிலும் இழப்பு அரை வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பம்பின் வேகத்தைத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி மாற்றிக்கொண்டே இருக்கும் மாடல்களில் இந்த அளவு பொருந்தாது, அவற்றுக்கான கையேட்டைப் பின்பற்ற வேண்டும். மற்றவற்றில், முழு மின்னழுத்தமும் நல்ல எர்த்தும் கிடைத்தும் பம்ப் அசையாவிட்டால்தான் பம்ப் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியும்.

எரிபொருள் அழுத்தத்தை எப்படி அளப்பது, எவ்வளவு இருக்க வேண்டும்?

எரிபொருள் தண்டில் டயர் வால்வு போன்ற சோதனை வாய் இருந்தால் அழுத்தமானியை அங்கே மாட்டலாம். இல்லாவிட்டால் குழாய் இணைப்பைப் பிரித்து நடுவில் பொருத்த வேண்டும். இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுவரும் உறிஞ்சு குழலில் பெட்ரோலைத் தூவும் வகை இன்ஜின்களில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை, அதாவது 300 முதல் 400 கிலோபாஸ்கல் வரை இருக்கும். உங்கள் காருக்கு உரிய சரியான எண்ணை அதன் சர்வீஸ் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மாடலுக்குச் சரியான 3 பார் இன்னொன்றுக்குக் குறைவாக இருக்கும்.

ரெகுலேட்டர் இன்ஜின் மீது இருந்து, உறிஞ்சு குழலிலிருந்து அதற்கு ஒரு வெற்றிடக் குழாய் வந்தால், ஐட்லிங்கில் அந்தக் குழாயைக் கழற்றும்போது அழுத்தம் ஏறக்குறைய அரை பார் உயர வேண்டும். உயராவிட்டால் ரெகுலேட்டரையும் அந்தக் குழாயில் வெற்றிடம் வருகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். கழற்றிய குழாயில் பெட்ரோலின் ஈரம் இருந்தால் உள்ளிருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது, வேறு சோதனையே வேண்டாம்.

அழுத்தம் சரியாக இருப்பது மட்டும் போதாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடைபட்ட ஃபில்டருக்குப் பின்னாலும் ஐட்லிங்கில் அழுத்தமானி நல்ல எண்ணையே காட்டும், ஏனெனில் அப்போது இன்ஜின் குடிப்பது மிகக் கொஞ்சம். பாய்ச்சலின் அளவையும் பார்க்க வேண்டும். கார்களுக்கிடையே வேறுபாடு இருந்தாலும், 30 விநாடிகளில் ஏறக்குறைய அரை லிட்டர் என்பது பொதுவான வழிகாட்டி. அல்லது அழுத்தமானியை முன் கண்ணாடியின் வெளிப்புறம் கட்டிவைத்து, துணைக்கு ஒருவரை அமர்த்தி, முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டும்போது முள் சரிகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். மானியின் குழாய் இன்ஜின் பகுதியைவிட்டு வெளியே வரலாம், பயணிகள் இருக்கும் அறைக்குள் மட்டும் வரக் கூடாது.

சமதளத்தில் நன்றாக ஓடுகிறது, மேடு ஏறும்போதும் முந்தும்போதும் மட்டும் இழுக்கவில்லை. ஏன்?

முந்தைய பதிலின் கடைசிப் பகுதி இதற்கும் பொருந்தும். ஃபில்டர், டேங்கிலுள்ள சல்லடை, நசுங்கிய குழாய், தேய்ந்த பம்ப் ஆகியவற்றில் ஒன்று போதிய அளவு பெட்ரோலை விடவில்லை. மலிவானதும் எளிதானதுமான ஃபில்டரை முதலில் மாற்றலாம். ஆனால் அது டேங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்திருக்கும் மாடல்களில், திறப்பதற்கு முன் அழுத்தச் சரிவை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

டேங்கை எப்போதும் கால்வாசிக்குக் கீழே வைத்து ஓட்டும் பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கக்கூடும். பம்பைக் குளிரவைப்பது அதன் வழியாகவும் அதைச் சுற்றியும் இருக்கும் பெட்ரோல்தான்.

காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஓடத் தொடங்கிய பின் எந்தக் குறையும் இல்லை. எங்கே பார்ப்பது?

இரவில் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது. சோதிப்பது எளிது: சாவியைத் திருப்பி 2 விநாடி காத்திருந்து, அணைத்து, மீண்டும் திருப்பி, இப்படி மூன்று முறை செய்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் சந்தேகம் உறுதியாகிறது. அழுத்தமானி இருந்தால், இன்ஜினை அணைத்த பிறகு முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். டேங்கிலிருந்து பெட்ரோலைக் கொண்டுவரும் குழாயை அதற்குரிய கவ்வியால் அடைத்தபோது இறக்கம் நின்றால், பெட்ரோல் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் பம்பிலுள்ள வால்வு கசிகிறது. அடைத்த பிறகும் இறங்கினால் பெரும்பாலும் இன்ஜெக்டர் ஒன்று சொட்டுகிறது. அந்தச் சிலிண்டரின் பிளக் கருத்திருக்கும், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் ஒரு கொத்துக் கரும்புகையும் வரும். விறைப்பான பிளாஸ்டிக் குழாய்களைக் கவ்வியால் நசுக்கக் கூடாது, அவை விரிசல் விட்டுவிடும்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்து பி0171 என்ற குறியீடு வந்துள்ளது. பம்பை மாற்ற வேண்டுமா?

அந்தக் குறியீடு, கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி என்று மட்டுமே சொல்கிறது. கூடுதல் காற்று எங்கிருந்தாவது உள்ளே நுழைந்தாலும் இதே குறியீடு வரும், பெட்ரோல் போதாவிட்டாலும் வரும். சரியான கலவை என்பது எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். அதிலிருந்து விலகும்போது கம்ப்யூட்டர் எவ்வளவு திருத்துகிறது என்பதை ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் என்ற அளவாகப் பார்க்கலாம். 10 சதவீதத்துக்குள் கூடுவதும் குறைவதும் பொதுவாக இயல்பு.

ஐட்லிங்கில் அந்த எண் 20 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால், உறிஞ்சு குழலின் கேஸ்கெட்டிலோ ஒரு வெற்றிடக் குழாயிலோ விரிசல் இருக்கிறது. அந்த விரிசல் வழியாக நுழையும் காற்று, இன்ஜின் கொஞ்சமாக மூச்சு வாங்கும்போது பெரிய பங்கு, நிறைய வாங்கும்போது சிறு பங்கு. மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் பெட்ரோல் வரத்தை அளக்கலாம். உள்ளே வரும் காற்றை அளக்கும் காற்றோட்ட சென்சாரில் படிந்த அழுக்கும் இதே போல நடிக்கும் என்பதால் அதற்குரிய திரவத்தால் அதைச் சுத்தம் செய்துவிட்டு மீண்டும் பாருங்கள். இந்த ஓர் ஒப்பீட்டைக் கற்றுக்கொண்டவர் தேவையில்லாமல் வாங்கும் பாகங்கள் வெகுவாகக் குறைந்துவிடும்.

கரும்புகை வருகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. இன்ஜெக்டர்தான் காரணமா?

இருக்கலாம். ஆனால் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று தவறாகச் சொல்லும் வெப்ப சென்சாரும், குளிர்நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும், திறந்தபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட்டும் கம்ப்யூட்டரைக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வைக்கும். ஸ்கேனரில் குளிர்நீரின் வெப்பநிலை 80 டிகிரியைக்கூட எட்டவில்லை என்றால் அங்கேயே தொடங்குங்கள். பிறகு ரெகுலேட்டரின் சவ்வு, சொட்டும் இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார் என்று பார்க்கலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், சைலன்சருக்கு முன்னால் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் சூடேற்றி உருக்கிவிடும்.

டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் சுத்திகரிப்புத் திரவங்களால் பயன் உண்டா?

லேசான படிவுக்கு, பாலிஈதர்அமீன் என்ற சுத்திகரிப்புப் பொருள் கொண்ட திரவங்களால் பயன் உண்டு. மின்சுருள் எரிந்துபோன இன்ஜெக்டருக்கோ முழுவதும் அடைபட்டதற்கோ அவற்றால் எதுவும் ஆகாது. சுருளின் தடையை அளந்தால் பெரும்பாலான உறிஞ்சு குழல் வகை இன்ஜெக்டர்களில் 12 முதல் 16 ஓம் வரை இருக்கும்; நான்கையும் அளந்து, தனித்து நிற்கும் ஒன்றைத் தேடுங்கள். நேரடித் தூவல் இன்ஜினில் உறிஞ்சு வால்வின் மீது படியும் கரியை இந்தத் திரவங்கள் தொடுவதே இல்லை, ஏனெனில் அங்கே பெட்ரோல் அந்த வால்வைக் கடந்து செல்வதில்லை. இன்ஜெக்டரைக் கழற்றினால் ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றி, சுத்தமான இன்ஜின் ஆயிலைத் தடவியே பொருத்த வேண்டும்.

பெட்ரோல் நிரப்பிய உடனே மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. இது என்ன விந்தை?

கரிப் பெட்டியிலிருந்து இன்ஜினுக்கு ஆவியை அனுப்பும் வால்வு மூடாமல் நின்றுவிட்டது. டேங்க் நிரம்பும்போது வெளியேறும் ஆவி முழுவதும் உறிஞ்சு குழலுக்குள் போய்க் கலவையைக் கெடுக்கிறது. மின் இணைப்பைக் கழற்றிய நிலையில் அந்த வால்வு பொதுவாக மூடியிருக்க வேண்டும். ஊதிப் பார்த்து, காற்று தாராளமாகப் போனால் மாற்றுங்கள். பங்கில் பெட்ரோல் நிரப்பும் துப்பாக்கி தானாக நின்ற பிறகும் வற்புறுத்தி நிரப்புவது திரவப் பெட்ரோலைக் கரிப் பெட்டிக்குள் தள்ளி அதைப் பாழாக்கும்.

காருக்குள் பெட்ரோல் வாடை வருகிறது. ஓட்டலாமா?

கூடாது. எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை ஓட்டாதீர்கள். மூடி, நிரப்பும் கழுத்தின் ரப்பர் குழாய், பம்பின் மேல் உள்ள வளையம், இன்ஜெக்டர் வளையங்கள், ஆவிக் குழாய்கள் ஆகிய எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாற்றுக் குழாய் வாங்கும்போது, கார்புரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்தக் குழாயை ஏற்க வேண்டாம்; இன்ஜெக்ஷன் அமைப்புக்கு உரிய எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்ற குறியீடு அதன் மேல் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, பம்ப் உறிஞ்சும் அடிப்பகுதியிலேயே தேங்கும். எரிபொருள் குழாயிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடுக்காகப் பிரிந்து நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். 10 சதவீத எத்தனால் கலவையில் தண்ணீர் சுமார் 0.5 சதவீதத்தைத் தாண்டினால், எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அப்படிப் பிரிந்ததை எந்தத் திரவத்தாலும் மீண்டும் சேர்க்க முயல வேண்டாம், டேங்கைக் காலி செய்து கழுவுவதுதான் வழி. மாதக்கணக்கில் நின்ற காரில் பழைய பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்து போயிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டீசல் காரில் தவறுதலாகப் பெட்ரோலை ஊற்றிவிட்டேன். என்ன செய்வது?

சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். சாவி திரும்பினாலே பல கார்களில் பம்ப் ஓடி, கலப்படத்தை முன்னால் தள்ளிவிடும். உயர் அழுத்த பம்புக்கு டீசல்தான் மசகு; பெட்ரோல் அதைக் கழுவிவிட, உலோகத்தோடு உலோகம் உரசி, பிறக்கும் துகள்கள் இன்ஜெக்டர் வரை பரவும். காரைத் தள்ளி ஓரம் சேர்த்து, டேங்கைக் காலி செய்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். ஏற்கனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் ஃபில்டரைத் திறந்து, மினுமினுக்கும் உலோகப் பொடி இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முடிவை எடுக்க முடியும். கொஞ்சம்தானே, டீசலை நிரப்பினால் கலந்துவிடும் என்ற அறிவுரையைக் காமன் ரெயில் இன்ஜினுக்கு ஏற்க நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன்.

டீசல் காரில் ஃபில்டரை மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன காரணம்?

ஏர் லாக், அதாவது குழாயில் காற்று அடைத்துக்கொண்டது. கைப் பம்பு இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்துங்கள், மின்சார பம்பு இருந்தால் சாவியைப் பலமுறை திருப்பி நிறுத்துங்கள். செல்ஃபை விடாமல் அடித்துக் காற்றை வெளியேற்ற முயன்றால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் கெடும். டீசல் இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பதையும் தவிருங்கள். சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் அதை நேரம் தவறிப் பற்றவைத்து பிஸ்டனையே உடைக்கக்கூடும்.

பழுது பார்த்து முடித்ததும் என்னென்ன சோதிக்க வேண்டும்?

பேட்டரியை மாட்டி, சாவியை மட்டும் திருப்பி அழுத்தம் ஏறவிட்டு, இன்ஜினை ஓட்டாமலே தொட்ட ஒவ்வோர் இணைப்பையும் விளக்கொளியில் பாருங்கள். சொட்டு இல்லை என்றால் ஸ்டார்ட் செய்து, சில நிமிடங்களுக்குப் பிறகு மீண்டும் பாருங்கள். சூடான பின் கசியும் வளையங்கள் உண்டு. காமன் ரெயில், நேரடித் தூவல் இன்ஜின்களில் இந்தப் பார்வையைத் தள்ளி நின்றே செய்ய வேண்டும். குறியீடுகளை அழித்துவிட்டு ஒரு நாள் வழக்கம்போல ஓட்டி, எரிபொருள் திருத்தம் 10 சதவீதத்துக்குள் வந்திருக்கிறதா என்று ஸ்கேனரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயில் குச்சியையும் ஒருமுறை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு உயர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.